ரெண்டு பேரு, ஒரே பைத்தான்

அண்ணியின் கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதி ஓட்டிப் பார்க்கும் ஜூபிடர் நோட்புக்கைப் போட்டுக் கொடுத்தவள் நாத்தனார் சின்னவள்தான். அண்ணி கல்யாணத்துக்கு முன் எழுதிய புரோகிராம்கள் பைத்தான் என்ற கணினி மொழியின் பழைய பதிப்பில்தான் ஓடும். இப்போது அவள் தேடிக்கொண்டிருக்கும் உத்தியோகத்துக்குப் புதிய பைத்தான் வேண்டும். அதனால் இரண்டையும் ஏற்றி, மெனுவில் ‘பழையது’, ‘புதியது’ என்று பெயர் வைத்திருந்தாள்.

‘பழையது’ என்பதைத் தேர்ந்தெடுத்தும் அண்ணியின் புரோகிராம் ஓடவில்லை.

"முன்னாடி நல்லாத்தானே ஓடுச்சு," என்று அண்ணி குழம்பினாள்.

சாப்பிடும்போது எல்லார் முன்னாலும் சின்னவள் சிரித்தாள். "வீட்லயே இருந்து அண்ணிக்கு எல்லாம் மறந்துபோச்சு."

அண்ணனும் கூடச் சிரித்தான். அண்ணி பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாள்.

மறுநாள் சின்னவள் அந்த நோட்புக்கைத் திறந்து, எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று ஒரு வரி அடித்துப் பார்த்தாள். ‘பழையது’ என்ற பெயருக்குப் பின்னாலும் புதிய பைத்தானே ஓடிக்கொண்டிருந்தது. பெயர் வைக்கும்போது அவளே இரண்டு பெயரையும் புதியதோடு இணைத்திருக்கிறாள். அதைச் சரிசெய்ததும் அண்ணியின் புரோகிராம் ஓர் எழுத்தும் மாறாமல் ஓடியது.

சமையலறைக்குப் போய் மெல்லச் சொன்னாள். "தப்பு உங்களுது இல்ல அண்ணி. நான்தான் சொதப்பிட்டேன்."

"இதை மட்டும் ஏன் காதுக்குள்ள சொல்ற?" என்றாள் அண்ணி.

சின்னவள் கூடத்துக்குப் போய் அம்மாவும் அண்ணனும் பார்த்துக்கொண்டிருந்த டிவியை அணைத்தாள்.

"என்னடி?" என்றாள் அம்மா.

சின்னவள் அங்கேயே நின்று, நடந்ததை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை தரையைத்தான் பார்த்தாள்.