ஐம்பத்தாறு வெட்டுகள்

1.

இந்தக் கதை மரத்தூளிலும் பசையிலும் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நான் எழுதிப் பார்த்த தொடக்கம் இது:

‘ஓய்வுபெற்ற இன்ஜினியர் சங்கரநாராயணன் கண்டோன்மென்ட் பக்கத்துப் பழைய ஆங்கிலிகன் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது, உயரச் சன்னல் வழியே தெய்விக ஒளி…’

வேண்டாம். தெய்விக ஒளியாவது மண்ணாவது, கண்ணாடி முழுக்கப் புறா எச்சம். (சங்கரநாராயணன் என்று யாரும் இல்லை. நான்தான். பெயர் வேதாந்தம், சரோஜினி நகர்.)

2.

கட்டடத்தைப் பற்றிக் கொஞ்சம் பேசிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். சுவர் மூன்றடி கனம். சன்னல்கள் கைக்கெட்டாத உயரத்தில். சூடு மேலே ஏறி வெளியே போய்விட வேண்டும். மேலே இரும்புக் கொக்கிகள். மின்விசிறிக்கு முன்னால், ஆள் இழுக்கும் துணி விசிறி அவற்றில்தான் தொங்கியது. இங்கிலாந்துக் குளிருக்குப் போட்ட வரைபடத்தை டில்லி வெயில் எப்படியெல்லாம் திருத்தியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

நான் பார்க்கப் போனது பெஞ்சுகளை. பழுது பார்ப்பதற்கு ஒரு பட்டியல் கேட்டிருந்தார்கள், இலவசமாக. ஒவ்வொரு பெஞ்சின் முதுகிலும் பாட்டுப் புத்தகம் வைக்க ஒரு பலகை. அதன் விளிம்பில் சீரான இடைவெளியில் அரைவட்ட வெட்டுகள். எண்ணினேன், எல்லாப் பெஞ்சிலும் சேர்த்து ஐம்பத்தாறு.

“என்னத்துக்கு இத்தனை வெட்டு?” என்று ஆலயத்தைப் பார்த்துக்கொள்ளும் அருள்மணியிடம் கேட்டேன்.

“குடை வைக்கதுக்கு சார். எல்லாரும் அதுலதான் சாத்தி வைக்காவ.”

டில்லியில் வருஷத்துக்கு எத்தனை நாள் மழை? அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனால் முப்பத்தைந்து வருஷம் அரசாங்கக் கட்டடங்களைப் பார்வையிட்டவனுக்கு, விளிம்பு நேராக இல்லாவிட்டால் அது குறை. ‘பிற்காலச் சேதம், அடைக்கவும்’ என்று எழுதினேன். அடைத்து, இழைத்து, பாலிஷும் போட்டார்கள்.

பிறகுதான் படித்தேன். 1857இல் மீரட்டில் எழுச்சி வெடித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெள்ளைக்காரர்கள் ஆயுதமில்லாமல் ஆராதனைக்குக் கிளம்பும் நேரம். அதன்பின் வெள்ளைச் சிப்பாய்கள் ஜெபத்துக்கும் துப்பாக்கியோடு வந்தார்கள். மண்டியிடும்போது துப்பாக்கி சரியாமல் நிற்கத்தான் அந்த வெட்டுகள். [இங்கே வரலாறு பற்றி இரண்டு பத்தி இருந்தது. பெருமூச்சு அதிகம். எடுத்துவிட்டேன்.]

3.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு அங்கே தமிழ் ஆராதனை. மோதி பாகிலிருந்து ஜெபமணி அக்கா வருவார்; வாசலிலிருந்து அருள்மணி கைபிடித்துக் கூட்டி வருவார். அரசு அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மூன்றாவது வரிசை, இரண்டாவது வெட்டு. அதன் ஓரத்தில் ஒரு சின்னச் சில்லு பெயர்ந்திருக்கும். கட்டைவிரலை அதில் பதித்துவிட்டுத்தான் உட்காருவாராம், முப்பத்தொரு வருஷமாக. இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது.

பாலிஷ் போட்டபின் வந்த முதல் ஞாயிறு, அவர் கை பலகை முழுக்கப் போய்த் திரும்பி வந்தது. மறுபடியும் போனது. பின்னால் நான் என் பாலிஷைப் பார்த்துப் பெருமையோடு நின்றிருந்தேன்.

“ஏ அருள்மணி, என்னைய வேற கோயிலுக்கா கூட்டியாந்திருக்க?” என்றார்.



4.

நான் எழுதிப் பார்த்த முடிவுகள்.

அ) அடைத்ததைத் தோண்டி எடுக்கிறார்கள், அக்கா சிரிக்கிறார். பொய். தச்சர் ஒன்றைத் தோண்டிப் பார்த்தார், மரமும் சேர்ந்து வந்தது. வெட்டைப் புதிதாக வெட்டலாம். சில்லு பெயர்ந்த அந்த வடுவை எங்கே போய் வாங்குவது?

ஆ) அக்கா புது அடையாளம் ஒன்றுக்குப் பழகிக்கொள்கிறார். இதை என் மனைவி சாவித்திரியிடம் வாசித்துக் காட்டினேன்.

“அச்சா, நன்னாயிருக்கு. தப்புப் பண்ணினது நீங்க, பழகிக்கறது அவளா? மொதல்ல நான்தான்னு போய்ச் சொன்னேளா?”

சொல்லவில்லை. யார் அடைத்தது என்று அக்கா எல்லோரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அருள்மணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போய்ச் சொல்வதற்குப் பதிலாகத்தான் நான் கதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

5.

அச்சிட்டதை அக்காவால் படிக்க முடியாது. டில்லியில் பிறந்த அவர் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆகவே வரும் ஞாயிறு நான்தான் இதை வாசித்துக் காட்டப் போகிறேன், மூன்றாவது வரிசையில், அவர் பக்கத்தில் உட்கார்ந்து.

முதல் பகுதியில் ஒரு வரியை அடைப்புக்குறிக்குள் ஒளித்து வைத்தேன். சத்தமாக வாசிக்கும்போது அடைப்புக்குறி காதில் விழாது. ‘நான்தான்’ என்பது விழும்.

அதற்கு அவர் சொல்லும் பதிலுக்குக் கீழே இடம் விட்டிருக்கிறேன். உங்களுக்கு ஏதாவது தோன்றும். தயவுசெய்து அடைக்காதீர்கள்.

“ ”