நடந்து போன சேதி

என் மகள் காந்தாவைப் புதைத்த மறுநாள் விடிகாலையில் நான் மலையை விட்டு இறங்கினேன். அவளைப் பெற்றவர், என் வீட்டுக்காரர் லட்சுமணன், கீழ்நாட்டில், படவேட்டுக் கோட்டைப் பக்கம், கரும்பு வெட்டப் போயிருந்தார். மகள் செத்தது அவருக்குத் தெரியாது. அதை நான்தான் சொல்ல வேண்டும்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம் அது. காந்தாவுக்கு ஐந்து முடிந்து ஆறு நடந்துகொண்டிருந்தது. மூன்று நாள் ஜுரம். நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை, ஜமுனாமரத்தூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று சேலைத் துணியில் சுற்றினேன். சுற்றிக்கொண்டிருக்கும்போதே தலை சாய்ந்துவிட்டது. பிள்ளைப் பிணத்தை வெயில் சாயும்வரை வைத்திருக்கக் கூடாது என்று ஊர் அவசரப்பட்டது. மத்தியானத்துக்குள் சாமைக் கொல்லை ஓரத்தில் குழி வெட்டி, என் கையிலிருந்து வாங்கி, மண்ணைத் தள்ளிவிட்டார்கள். நான் பாஞ்சாலை, ஊரிலேயே வாய் நீளமானவள் என்று பேர் வாங்கியவள். அன்றைக்கு என்னை ஒரு வார்த்தை பேச விடவில்லை, அல்லது எனக்கே பேச வரவில்லை. இரண்டில் எது என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை.

எங்கள் ஊரில் சாவுச் சேதிக்கு ஒரு முறை உண்டு. அதை நடந்துதான் கொண்டுபோக வேண்டும். பஸ், வண்டி எதிலும் ஏற்றக் கூடாது. ஏற்றினால் சாவும் சேர்ந்து ஏறிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வரும் என்பார்கள். கேட்க வேண்டியவர் காதில் விழும்வரை வழியில் யாரிடமும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. யார் கையாலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடிக்கக் கூடாது. வழக்கமாக ஆம்பளைகள்தான் போவார்கள். என் கொழுந்தன் கருப்பன் துண்டை உதறிக்கொண்டு எழுந்தான்.

"நான் போறேன் அண்ணி. நீ இருக்கற இருப்புக்கு எங்க நடக்கப் போற?"

"நீ போயி இன்னான்னு சொல்வ? புள்ள செத்துப்போச்சுன்னு போஸ்ட்மேன் மாதிரி சொல்லிட்டு வருவ. குந்துடா."

என் கோபத்துக்குக் காரணம் இருந்தது. கார்த்திகையில் அவர் கிளம்பியபோது பிள்ளை அவர் காலைக் கட்டிக்கொண்டு விடவில்லை. அவரும் நாலடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றார். "நான் இன்னா செத்தா பூட்டேன்? உம் பொண்ண நான் பாத்துக்கறேன், நீ போ" என்று நான்தான் விரட்டினேன். பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன வாய்தான், பார்த்துக்கொள்ளவில்லை என்றும் சொல்ல வேண்டும். வேறு யார் வாயாலும் லட்சுமணன் அதைக் கேட்கக் கூடாது. என் மனசில் அது ஒன்றுதான் இருந்தது.

மலையிறக்கம் எனக்குப் பழக்கம். வெயில் ஏறுவதற்குள் அடிவாரத்துக்கு வந்துவிட்டேன். அங்கிருந்துதான் கஷ்டம். கீழ்நாட்டில் நடப்பது என்பது எங்களுக்கு ஒத்துவராத காரியம். மலையில் ஒரு மேடு ஏறினால் ஒரு மேடு முடிந்தது என்று ஆறுதல் உண்டு. இங்கே வரப்பு முடிந்தால் இன்னொரு வரப்பு, வாழைத்தோட்டம் முடிந்தால் கரும்புத்தோட்டம், அதற்கப்புறம் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைக் கொல்லை. எங்கே பார்த்தாலும் பம்புசெட்டு சத்தம். தூரத்தில் கோட்டைச் சுவர் மட்டும் தெரிந்துகொண்டே இருந்தது, கிட்டே வரவில்லை.

பாதையோரம் ஒருத்தி மல்லாட்டைக்குக் களை கொத்திக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் கூழ்ப் பானையைத் திறந்தாள்.

"மலையிலேர்ந்து வர்றியா? ஒரு வாய் கூழு குட்ச்சிட்டு போம்மா. ஒதடு காஞ்சி கீதே."

"வாணாங்க. இப்பதான் சாப்ட்டேன்."

"புள்ளைங்க எத்தினி?"

கேட்கிறாளே பாவி என்று நினைத்தேன். வாயைத் திறந்து அழுதால் சேதி அவளிடம் போய்விடும்.

"ஒரு பொண்ணு" என்றேன்.

"பேரு?"

"காந்தா."

"படிக்குதா?"

"ஜூன் மாசம் சேக்கணும்."

பொய் சொன்ன மாதிரியே எனக்குத் தோன்றவில்லை. அந்த வரப்பில் நின்ற வரைக்கும் என் மகள் உயிரோடுதான் இருந்தாள். இன்னும் நாலு கேள்வி கேட்கமாட்டாளா என்றுகூட இருந்தது. அவள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு குனிந்துவிட்டாள். நான் வாய்க்காலில் இறங்கி என் கையால் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு நடந்தேன்.

மண் ரோட்டுக்கு வந்தபோது பின்னால் சைக்கிள் மணி கேட்டது. ஆட்டுத்தோல் வாங்கும் அமீனுல்லா பாய். வாணியம்பாடி மண்டிக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவர், ஜமுனாமரத்தூர்ச் சந்தைக்கும் வருவார். எங்களைத் தெரியும்.

"லட்சுமணன் வூட்டம்மாதானே? இன்னா தங்கச்சி, இந்த வெயில்ல?"

"அவரப் பாக்கப் போறேன் பாய்."

"சின்னக் கோட்டை ஓரம் வெல்லம் காய்ச்சற ஆலையில கீறான். முந்தாநாளு பாத்தேன். இன்னும் நாலு மைல் கீது. கேரியர்ல குந்து, அரை மணியில வுட்டுட்றேன்."

"நடந்துக்கறேன் பாய்."

"தோல் நாத்தம் அடிக்குதுன்னு பாக்கறியா? மூட்டைய முன்னாடி கட்டிக்கறேன்."

"அதெல்லாம் இல்ல பாய். நீங்க போங்க."

மனுஷர் இரண்டு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார். என்ன திமிர் பார் என்று நினைத்திருப்பார். காரணத்தைச் சொல்லியிருந்தால் முறை கெட்டுப்போகும். கேரியரில் ஏறினாலும் முறை கெட்டுப்போகும். சைக்கிள் போன பிறகு அந்த ரோடு முன்னைவிட நீளமாகிவிட்டது.

நடக்க நடக்க என்ன சொல்வது என்று கோத்துப் பார்த்துக்கொண்டே போனேன். முதலில் ஜுரம் என்று சொல்லலாம். உட்காரவைத்துச் சொல்லலாம். கையைப் பிடித்துக்கொண்டு சொல்லலாம். எதை எப்படிக் கோத்தாலும் கடைசியில் அதே வார்த்தையில்தான் போய் முட்டியது. பெரிய கோட்டை வலது கைப்பக்கம் வந்தது. ஒரு காலத்தில் ராஜா இருந்து ஆண்ட இடமாம். இப்போது ராஜாவும் இல்லை, கதவும் இல்லை. சுவர் பிளந்து அதில் வேலிக்காத்தான் முளைத்திருக்கிறது, உள்ளே ஆடு மேய்கிறது. இவ்வளவு பெரிய சுவரைக் கட்டியும் எதைத் தடுத்தாய் என்று அந்த ராஜா மேல்கூட எனக்கு எரிச்சல் வந்தது.

சின்னக் கோட்டையை அடைந்தபோது உச்சி சாய்ந்து ஒரு மணி நேரம் இருக்கும். கோட்டைச் சுவரை ஒட்டிக் கொட்டகை, பெரிய கொப்பரை, கரும்புச் சக்கைக் குவியல். பாகு வாசனை வந்தது. சக்கையைத் தள்ளி அடுப்பு எரித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை முந்தானையில் துடைத்தபடி எழுந்து வந்தாள். அவள் பெயர் மாணிக்கம்மாள் என்று பிறகு தெரிந்தது.

"யாரு வேணும்?"

"லட்சுமணன். மலைக்காரரு. அவரு வூட்டுல இருந்து வர்றேன்."

அந்த அம்மாள் வயிற்றில் அடித்துக்கொண்டாள், சிரித்துக்கொண்டேதான்.

"அடிப்பாவி! அவன் இன்னிக்கு மத்தியானம் பன்னண்டு மணி பஸ்ஸுக்குப் போய்ட்டானே! ஒரு மணி நேரம் ஆவுது. வெட்டு முடிஞ்சிச்சி, கூலி குடுத்துட்டாங்க. போளூர் போய் மலை பஸ் புடிச்சா பொழுதுக்குள்ள எம்பொண்ணப் பாத்துடுவேன்னு குளிக்கக்கூட இல்லாம ஓடறான்!"

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது என்று சந்தோஷமாகச் சொல்வார்கள். என் தெய்வம் என் முதுகுக்குப் பின்னால் பஸ் ஏறிப் போய்விட்டது. அமீனுல்லா பாயின் சைக்கிளில் ஏறியிருந்தால் பதினொன்றரைக்கெல்லாம் வந்திருப்பேன்.

மாணிக்கம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. பேசிக்கொண்டே போனாள். "தெனம் வேலை முடிஞ்சதும் அந்தச் சொவுத்து மேல ஏறி நின்னுக்குவான். அதோ அந்த மலை மடிப்புக்குப் பின்னாலதான் எம்பொண்ணு கீறான்னு எல்லாருக்கும் காட்டுவான். சிலேட்டு ஒண்ணு வாங்கி வச்சிருந்தான். அழுக்காப்பூடும்னு யாரையும் தொட வுடமாட்டான்." சொல்லிக்கொண்டே உள்ளே போய், சூடு ஆறாத வெல்லத்தைப் பனையோலையில் மடித்துக்கொண்டு வந்து என் கையில் வைத்தாள். "பாப்பாவுக்குக் குடு."

அதற்கு மேல் முறையாவது ஒன்றாவது. நான் சொல்லிவிட்டேன். எத்தனையோ விதமாகக் கோத்து வைத்திருந்த சேதி, முன்பின் தெரியாத ஒருத்தியின் காதில், எந்த வரிசையும் இல்லாமல் கொட்டிப்போயிற்று. அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு பெருங்குரலில் அழுதாள். ஆலை வேலையை விட்டுவிட்டு ஆட்கள் கூடிவிட்டார்கள். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. அந்த நேரத்தில் அவர் போளூர் ஸ்டாண்டில் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"நடந்தா வந்த? ஏண்டி, பஸ்ஸு ஓடுதே!" என்றாள் மாணிக்கம்மாள், மூக்கைச் சிந்தியபடி.

அவளே என்னோடு போளூர்வரை வந்தாள். மலைக்குப் போகும் கடைசி பஸ் போய்விட்டிருந்தது. ஸ்டாண்டிலேயே கிடந்து, விடிந்ததும் முதல் பஸ்ஸில் ஏறினேன். சாவு என்னோடு ஏறினால் ஏறட்டும், இதற்கு மேல் அது எந்த வீட்டுக்குப் போகப் போகிறது என்று இருந்தது.

ஊர் முனையில் கருப்பன் நின்றிருந்தான். கண் வீங்கியிருந்தது.

"நேத்து பொழுது எறங்க வந்தாரு அண்ணி. காந்தான்னு கூப்ட்டுக்கினே வந்தாரு. வூடு பூட்டி இருந்துச்சி. நாங்க சொல்ல வாயெடுத்தா, நீங்க யாரும் சொல்லாதீங்க, அவ வந்து சொல்லட்டும்னு காதப் பொத்திக்கினாரு. எங்க மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிபோச்சி. நேராக் கொல்லைக்குப் போனாரு. அங்கியேதான் கீறாரு. எழுந்து வரமாட்டேன்றாரு."

நான் போனேன். அவர் புது மண்ணுக்குப் பக்கத்தில், ஒருக்களித்துப் படுத்துத் தூங்கவைக்கிறவர்போல ஒரு கையை மண் மேல் போட்டுக்கொண்டு கிடந்தார். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார்ந்தார். திட்டவில்லை.

"சொல்லு" என்றார்.

எதிரே உட்கார்ந்து சொன்னேன். ஜுரம் வந்த அன்றைக்குக் கஞ்சியைத் தள்ளிவிட்டதைச் சொன்னேன். இரண்டாம் நாள் உடம்பு லேசாகி, அப்பா எப்போது வரும் என்று கேட்டதைச் சொன்னேன். நாலாம் நாள் துணியில் சுற்றியதைச் சொன்னேன். நான் பாத்துக்கல மாமா, என்றேன். முந்தின நாள் முழுக்க வராத அழுகை அப்போதுதான் வந்தது. அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

பிறகு மண்ணைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நேத்து நான் வர்ற வரைக்கும், பகல் பூரா, இங்க அவகூட யாரும் இல்லியா?"

நான் நிமிர்ந்து பார்த்தேன்.

"புது எடமாச்சே பாஞ்சாலை. பயந்திருப்பாளே."

அவர் காதில் எப்படி விழும், அவர் மனசு எப்படித் தாங்கும் என்று மலையிலிருந்து கோட்டைவரை அவரையே நினைத்துக்கொண்டு நடந்தவள் நான். தனியாக ஒரு நிமிஷம் படுக்காத பிள்ளையைப் புதைத்த மறுநாளே தனியாக விட்டுவிட்டுப் போகிறோம் என்று ஒரு வரப்பில்கூட எனக்குத் தோன்றவில்லை. யாரும் இல்லை என்று அவரிடம் சொன்னேன்.