அறுபத்திரண்டுக்கு ஒரு மாப்பிள்ளை

அறுபத்திரண்டாம் நம்பருக்கு எட்டு வருஷமாக மாப்பிள்ளை கிடைக்கவில்லை. இதற்காகக் கவலைப்படாத ஆள் தட்டான் சங்கத்தில் ஒருவர்கூடக் கிடையாது. பதினோரு பேர், பதினோரு பைனாகுலர், ஒரே கவலை.

பெண்ணுக்கு வயதாகிவிட்டதோ என்று நினைத்துவிட வேண்டாம். அறுபத்திரண்டு என்பது ஓர் ஊசித்தட்டான். உட்காரும்போது இறக்கையை விரித்து வைத்தால் தட்டான், முதுகோடு மடித்துக்கொண்டால் ஊசித்தட்டான்; இது இரண்டாம் ரகம். நெருப்புக்குச்சி நீளம்கூட இருக்காது. நிறம், நன்றாகப் பழுத்த ஆரஞ்சுப் பழத்தின் தோல்.

அந்த மாவட்டத்துத் தட்டான்களைப் பற்றி யாரும் புத்தகம் போட்டதில்லை. அதனால் சங்கத்தார் தாங்களே தேடி, கண்டுபிடித்த வரிசையில் நம்பர் கொடுத்துக்கொண்டு போனார்கள். பெயரெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இடத்தில் நம்பரே பெயராகிவிட்டது. பஸ்ஸில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால், "காலைல பதினாலு மூணு வந்துச்சு", "நாப்பத்தொண்ணு என் தோள்லயே உக்காந்துச்சுங்க" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்து சீட்டுக்காரர் மெல்ல எழுந்து கம்பியைப் பிடித்து நின்றுகொள்வார்.

அறுபத்திரண்டைக் கண்டுபிடித்தவள் ஷேடு. பல் செட் செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பொய்ப்பல்லின் நிறம் மற்ற பல்லோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்க, பதினாறு வகை வெள்ளையைக் கொத்தாகக் கோத்த ஒரு அட்டை உண்டு. அதை எந்நேரமும் கைப்பையில் வைத்துக்கொண்டு, சுவர், சட்டை, பால், பக்கத்து வீட்டுப் பூனை என்று எதற்கு நேராகவும் பிடித்து "இது வேற ஷேடு" என்று தீர்ப்புச் சொல்லுவாள். சொந்தத் தங்கச்சியே அக்கா என்பதை மறந்து ஷேடு என்றுதான் கூப்பிடுகிறாள் என்றால் பாருங்களேன்.

எட்டு வருஷத்துக்கு முன்னால் டிப்போ குளத்தில் அந்த ஆரஞ்சுப் பூச்சியைப் பார்த்துவிட்டு எல்லோரும், "முப்பத்தேழுதான், வெயில்ல வெளுத்துப்போச்சு" என்றார்கள். முப்பத்தேழு என்பது பச்சைத் தோளும் கறுப்பு முதுகும் வால்நுனியில் நீலப் பொட்டும் உள்ள சாதாரணப் பூச்சி. அதன் பெண்ணும் பார்வைக்கு ஆணைப் போலவே இருக்கும் என்பது சங்கத்துக்கு மனப்பாடம். ஷேடு விடுவாளா? அட்டையைத் தூக்கிக்கொண்டு, வெளுப்பது எப்படி, பழுப்பது எப்படி என்று ஒன்றரை மணி நேரம் நின்ற இடத்தில் நின்று வாதாடினாள். கடைசியில் பட்டியலை வைத்திருக்கும் லென்ஸ், "சரி, எழுதிக்கறேன்" என்று சொன்னார்.

லென்ஸ் விட்டுக்கொடுத்தது சரித்திரத்திலேயே அந்த ஒரு முறைதான். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். தப்பில்லாத மனிதர், ஆனால் விதி என்று வந்துவிட்டால் உயிரை வாங்கிவிடுவார். சங்கத்தின் செயலாளரான ரிட்டயர்டு பஸ் டிரைவர், ஆரம்ப காலத்தில் எட்டு இறக்கை உள்ள தட்டான் ஒன்றைப் பார்த்ததாக வந்து சத்தியம் பண்ணினார். ஒட்டிக்கொண்டிருந்த இரண்டு தட்டான்களை ஒன்றாக எண்ணியிருக்கிறார், பாவம். அன்றைக்கு லென்ஸ் போட்டதுதான் இரண்டு ஜோடிக் கண் விதி. இரண்டு பேர் சேர்ந்து பார்த்து இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கணக்கு. தனி ஆள் பார்த்தது பார்க்காததற்குச் சமம்.

பட்டியலில் ஏறிய நாளிலிருந்து அறுபத்திரண்டு ஷேடின் சொத்து. போனைத் திறக்க அறுபத்திரண்டு, சாப்பாட்டு டப்பாவில் அறுபத்திரண்டு. ஆனால் பார்த்ததெல்லாம் பெண்பூச்சிகள். ஆண் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. "உன் பொண்ணுக்கு எப்பதான் மாப்பிள்ளை பாக்கப் போற?" என்று சங்கம் முழுக்க ஒரே கிண்டல்.

இப்படியாகப் பட்டியல் வளர்ந்து, போன மாதம் நூறைத் தொட்டது. டிரைவர் தலைகால் புரியாமல் குதித்தார். நூறு வகையும் படத்தோடு பெரிய அட்டையாக அச்சாகி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு நூலகக் கூடத்தில் திறப்பு விழா என்று முடிவாயிற்று. தங்கச்சி பேக்கரியில் கேக் மேல் பூப்போடுகிறவள்; நூறு என்று நீலத்தில் எண்ணாக எழுதி ஒரு கேக் தயார் செய்துவிட்டாள். ஒவ்வொருவரும் தங்கள் பூச்சியைப் பற்றி ஒரு நிமிஷம் பேச வேண்டும். ஷேடுக்கு அந்த ஒரு நிமிஷத்தை நினைத்து ஒரு வாரமாகச் சோறு இறங்கவில்லை.

ஞாயிறு விடிந்ததும் விடியாததுமாக எழுந்துவிட்டாள். வீட்டில் உட்கார முடியவில்லை. என் பொண்ணைப் போய் ஒரு படம் எடுத்துட்டு வரேனே என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு டிப்போ குளத்துக்குப் போனாள். பத்து மணிக்கு முன்னால் சங்கத்தார் யாரும் குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. முப்பது வருஷம் முதல் பஸ் ஓட்டிய டிரைவர், ரிட்டயர் ஆன அன்றே எட்டு மணிக்கு முன்னால் எழுவதில்லை என்று சபதம் எடுத்துவிட்டார். "வெயில் ஏறாம எந்தத் தட்டானும் வேலைக்கு வராது" என்பது அவர் சித்தாந்தம். எல்லோருக்கும் தூக்கம் பிடிக்குமாகையால் சித்தாந்தமும் பிடித்துப்போயிற்று.

ஷேடு கோரைக்கு நடுவே குந்தினாள். அறுபத்திரண்டு ஒரு தண்டில் உட்கார்ந்திருந்தது, உடம்பை வளைத்துக்கொண்டு. கூட ஒன்று இருந்தது. அதன் வால்நுனி இவள் கழுத்தைப் பிடித்திருக்க, இவள் வால் அதன் வயிற்றைத் தொட, இரண்டும் சேர்ந்து ஒரு சின்னச் சக்கரம். பூச்சி பார்க்கிற யாரும் இதைத் தப்பாகப் புரிந்துகொள்ள முடியாது, ஜோடி சேர்ந்திருக்கிறார்கள்.

"அடியே! மாப்பிள்ளை கிடைச்சாச்சு!" என்று வாய்விட்டே கத்திவிட்டாள்.

கத்திவிட்டு மாப்பிள்ளையைப் பார்த்தாள். பச்சைத் தோள். கறுப்பு முதுகு. வால்நுனியில் நீலப் பொட்டு.

முப்பத்தேழு!

அடுத்த தண்டைப் பார்த்தாள். அங்கேயும் ஆரஞ்சும் பச்சையும். அதற்கடுத்ததிலும் அதேதான். ஏழு ஜோடி எண்ணினாள். எட்டாவதை எண்ணத் தெம்பில்லை. முப்பத்தேழின் பெண்களில் சில அப்பனைக் கொண்டு பிறக்கின்றன, சில ஆரஞ்சாகப் பிறக்கின்றன, அவ்வளவுதான் விஷயம். எல்லாம் காலை இளவெயிலில் கல்யாணத்தை முடித்துக்கொண்டு, பத்து மணிக்குச் சங்கம் கொட்டாவி விட்டுக்கொண்டு வரும்போது ஒன்றும் தெரியாததுபோல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. எட்டு வருஷம்! ஷேடு சேற்றிலேயே உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

சிரிப்பு அடங்கியதும் விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். இரண்டும் புருஷன் பெண்டாட்டி என்றால் இரண்டும் ஒரே வகை. ஒரே வகைக்கு இரண்டு நம்பர் கிடையாது. அறுபத்திரண்டு என்று ஒன்று இல்லவே இல்லை. நூறு தொண்ணூற்றொன்பதாகிறது, போகிற ஒன்று அவளுடையது. மற்றவர்களுக்கு எட்டுப் பூச்சி, பன்னிரண்டு பூச்சி. அவளுக்கு இருந்ததே அந்த ஒன்றுதான்.

தனி ஆள் பார்த்தது கணக்கில்லை. விதியே அப்படித்தானே சொல்கிறது? எழுந்து விறுவிறுவென்று கேட் வரைக்கும் போய்விட்டாள். சைக்கிள் ஸ்டாண்டைக்கூடத் தட்டிவிட்டாள். ஆனால் கால் மிதிக்க மாட்டேன் என்றது. பல் செட்டில் ஒரு பல் ஷேடு தப்பிவிட்டால், அந்த மனிதர் சிரிக்கிற போதெல்லாம் அது மட்டும்தான் தெரியும். நூலகச் சுவரில் அந்த அட்டை மாட்டியிருக்கும் வரைக்கும் அவள் கண்ணுக்கு அறுபத்திரண்டு மட்டும்தான் தெரியப் போகிறது. சண்டாளப் பூச்சி என்று திட்டிக்கொண்டே திரும்பி வந்து லென்ஸுக்குப் போன் போட்டாள்.

"சார், உடனே குளத்துக்கு வாங்க. கையெழுத்து வேணும்."

லென்ஸ் வீடு ஊரின் மறுகோடி. வர அரைமணியாவது ஆகும். மனிதர் ஐந்தே நிமிஷத்தில் வந்து நின்றார். சட்டையில் பொத்தான் மாறியிருந்தது. பேண்ட்டின் முழங்காலில் ஈரச் சேறு.

வழக்கமாகப் பதினேழு கேள்வி கேட்பார்; வெளிச்சம் எந்தப் பக்கம், எத்தனை அடி தூரம், சாப்பிட்டீங்களா, தலை சுத்தலையே. அன்று வாயே திறக்கவில்லை. குனிந்தார், பார்த்தார், பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து ஷேடு நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"கேள்வி ஒண்ணும் கேக்கலையா சார்?"

"எதுக்கு? நல்லாத்தான தெரியுது" என்று குளத்தைப் பார்த்துச் சொன்னார். ஷேடு இருந்த நிலையில் அதை யோசிக்க எங்கே நேரம்?

டிரைவரை எழுப்பிச் சொன்னபோது கட்டிலிலேயே தலையில் கைவைத்துக்கொண்டார். "கல்யாணத்தன்னிக்கா வந்து குண்டைத் தூக்கிப் போடுவ? தொண்ணூத்தொம்பதுக்கு எவனாவது கேக் வெட்டுவானா?"

"கேக்கை என்கிட்ட விடுங்க" என்றாள் கூட வந்திருந்த தங்கச்சி. இருவரையும் பேக்கரிக்கு இழுத்துப்போய், கத்தியால் ஒன்றாம் எண்ணை வழித்து வாயில் போட்டுக்கொண்டாள். நீலக் க்ரீமை எடுத்து இரண்டு சைபருக்கும் ஆளுக்கொரு வால் வைத்தாள். தொண்ணூற்றொன்பது! டிரைவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார். "இவ்வளவுதானா?" என்று கேட்டு, மீதி இருந்த க்ரீமை விரலால் தொட்டு நக்கி மனதைத் தேற்றிக்கொண்டார்.

நாலு மணிக்குக் கூடம் நிரம்பிவிட்டது. ஷேடின் முறை வந்தது. மைக்கைப் பிடித்தாள்.

"என் பொண்ணு அறுபத்திரண்டுக்கு எட்டு வருஷமா மாப்பிள்ளை தேடினோம். இன்னிக்குக் காலைல கிடைச்சுட்டான். பக்கத்து வீட்டுப் பையன்தான். முப்பத்தேழு." அட்டையில் இருந்த பச்சைப் பூச்சியைத் தொட்டுக் காட்டினாள். "அதனால அறுபத்திரண்டுன்னு ஒரு வகை கிடையாது. தப்பு என்னுது. ஷேடு பாக்கத் தெரிஞ்ச எனக்கு ஜோடி பாக்கத் தெரியல. நம்ம மாவட்டத்துல தொண்ணூத்தொம்பதுதான்."

முதலில் டிரைவர்தான் விசிலடித்தார், முதல் பஸ்ஸைக் கிளப்பும் கண்டக்டர் போல. "பொண்ணு கரையேறிடுச்சுய்யா!" என்று கத்தினார். அவ்வளவுதான், கூடமே இரைந்தது. யாரோ ஷேடின் கையைப் பிடித்துச் சுற்றினார்கள், யாரோ முப்பத்தேழைக் கண்டுபிடித்த லென்ஸைச் சம்பந்தி சம்பந்தி என்று கூப்பிட்டுக் கேக்கை வாயில் திணித்தார்கள். அட்டையில் அறுபத்திரண்டின் படத்தை வெட்டி முப்பத்தேழுக்குப் பக்கத்தில் ஒட்டினார்கள். நூறைத் தொட்டபோதுகூட இவ்வளவு கூத்து நடக்கவில்லை.

கூத்து நடக்கும்போதே டிரைவர் பட்டியலின் மூல நோட்டை உருவிக்கொண்டு வந்து ஷேடின் கையில் திணித்தார். லென்ஸ் எந்நேரமும் அக்குளில் வைத்துக்கொண்டிருக்கும் தடி நோட்டு. "நீ கண்டுபிடிச்ச, நீயே திருத்து. முப்பத்தேழாம் பக்கம்."

லென்ஸ் கேக்கை விழுங்க முடியாமல் "இருங்க, இருங்க" என்று ஓடி வருவதற்குள் அவள் பக்கத்தைத் திறந்துவிட்டாள்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு ஞாயிறு. காலை ஆறு பத்து. டிப்போ குளம். முப்பத்தேழு ஆண், அறுபத்திரண்டு பெண், சக்கரம். முதல் சாட்சி என்ற இடத்தில் லென்ஸின் கையெழுத்து. இரண்டாம் சாட்சி என்ற இடத்தில் ஒன்றுமில்லை. கீழே அடுத்த ஞாயிறு, அதற்கடுத்த ஞாயிறு. ஒவ்வொன்றிலும் ஒரு கையெழுத்து, ஒரு காலியிடம். கடைசி வரியில் இன்றைய தேதி. காலை ஐந்து நாற்பது.

ஷேடு நிமிர்ந்தாள். லென்ஸ் திருதிருவென்று விழித்துக்கொண்டு நின்றார்.

"ரெண்டு வருஷமா தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது. பாத்தேன். தனி ஆள் பாத்தது கணக்குல வராது."

"பதினோரு பேர் இருக்கோம், ஒருத்தரைக் கூப்பிட்டிருக்கக் கூடாதா?"

"கூப்பிட்டா கையெழுத்துப் போட்டுடுவாங்களே. உங்க நம்பர் போயிடும்."

"என்னையே கூப்பிட்டிருக்கலாமே சார்!"

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?" லென்ஸின் காது சிவந்துவிட்டது. "காலங்காத்தால குளத்துக்கு வாங்க, ஜோடி பாக்கலாம்னா?"

ஷேடுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "இன்னிக்கு நான் போன் பண்ணப்ப எங்க இருந்தீங்க?" என்று கேட்டாள்.

"குளத்து பம்ப் ரூமுக்குப் பின்னாடி. நீங்க வர்றதைப் பாத்து ஒளிஞ்சுக்கிட்டேன்." உதட்டில் ஒட்டியிருந்த நீலக் க்ரீமைத் துடைத்தார். "நீங்க கேட் வரைக்கும் போனீங்க. அப்படியே போயிருந்தீங்கன்னா நானும் இந்த நோட்டை மூடியிருப்பேன். ஆனா திரும்பி வந்தீங்க. என்னால அங்க நிக்கவே முடியல. ரொம்ப சந்தோஷமா இருந்துச்சு."

ஷேடு பேனாவை எடுத்து முப்பத்தேழின் வரியில், கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் அவர் பெயருக்குப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். எழுதிய வேகத்தில், காலியாகக் கிடந்த இரண்டாம் சாட்சி இடங்களிலும் வரிசையாகக் கையெழுத்துப் போடக் குனிந்தாள்.

லென்ஸ் நோட்டின் மேல் கைவைத்துத் தடுத்தார். "பாக்காததுக்குக் கையெழுத்துப் போடக்கூடாதுங்க. விதி."

"சரி" என்றாள் ஷேடு. "அப்ப அடுத்த ஞாயித்துக்கிழமை அஞ்சு நாப்பதுக்கு வரேன். பம்ப் ரூமுக்குப் பின்னாடி போய் நிக்காதீங்க."