எட்டில் ஒரு மூச்சு

அத்தானைக் கச்சேரிக்கு இழுத்துவருவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. அக்கா எங்கள் குழுவில் பத்தொன்பது வருஷம் பாடினாள். மனிதர் ஒருநாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. "புரியாத பாஷையில நீங்க அழுவீங்க, அதை நான் டிக்கெட் எடுத்து வேற கேக்கணுமா?" என்று சிரிப்பார். அவள் கண்ணை மூடி மூன்று மாதமாகிறது. அத்தான் அழவும் இல்லை, பேசவும் இல்லை, சுவரையே வெறித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவ உசுரா நெனச்ச பாட்டு அத்தான். ஒரே ஒரு தடவை முழுசா கேளுங்க. நான் கெடுத்துட மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்துக் கூட்டிவந்தேன்.

முன்னூறு வருஷத்துக்கு முந்தைய தேவாலயப் பாட்டு அது. ஓரிடத்தில் ஆர்கனும் மற்ற குரல்களும் அடங்கிவிடும். தாழ்ந்த குரல் மட்டும் 'இரங்கும்' என்று பொருள்படும் ஒரே சொல்லைப் பதினாறு எண்ணிக்கை பிடிக்க வேண்டும். அந்தக் குரலுக்கு நானும் அக்காவும்தான். அவ்வளவு மூச்சு யாருக்கு இருக்கிறது? எட்டில் நான் திருட்டுத்தனமாக மூச்சு இழுப்பேன், அவள் பிடித்துக்கொள்வாள். பன்னிரண்டில் அவள் இழுப்பாள், நான் பிடிப்பேன்.

இப்போது அவள் இடத்தில் ஒரு டீச்சர். அவருக்குப் பன்னிரண்டு வரை தாங்காது. "அவங்க எட்டுல எடுக்கட்டும், நீங்க பன்னண்டுல எடுங்க" என்று குழுவை நடத்தும் மாஸ்டர் என் தாளில் பென்சிலால் குறித்தார். "எனக்கென்ன மறதியா?" என்று வள்ளென்று விழுந்தேன்.

எட்டு வந்தது. பாழாய்ப்போன நெஞ்சு தானாக மூச்சை இழுத்துவிட்டது. டீச்சரும் இழுத்தார். கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு நொடிதான், அதற்குள் செத்துப் பிழைத்தேன்.

எல்லோரும் எழுந்து போன பிறகும் அத்தான் நாற்காலியிலேயே இருந்தார்.

"மன்னிச்சிருங்க அத்தான்."

"நடுவுல சட்டுனு நின்னுச்சே, அது என்ன?"

பாட்டே அப்படித்தான் என்று சமாளித்திருக்கலாம். மனசு வரவில்லை.

"அக்கா பிடிக்கிற இடம்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். முகம் கோணியது. கைக்குட்டையைத் தேடி, கிடைக்காமல், சட்டைக்கையால் கண்ணை அழுத்திக்கொண்டார். தோள் குலுங்கியது.

"அதை இன்னொரு தடவை பாடுவாங்களா?"