பதினோராவது வரி

தாத்தாவுக்குக் காது கேட்காது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். தெரியாதது ராணுவத்துக்கு மட்டும்தான்.

வேலையிலிருந்து விடுவித்தபோது அவர்கள் கொடுத்த தாளில் பதினோராவது வரி, 'செவித்திறன்: நன்று' என்று இருந்தது. அந்த ஒரு வரியைத் திருத்தச் சொல்லி மனுப் போட்டுப் போட்டே மனுஷன் முப்பத்திரண்டு வருஷம் மல்லுக்கட்டினார். பேத்தி ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்த பிறகு மனுவோடு இணைக்கிற நகலையெல்லாம் அவள்தான் எடுத்தாள். தாள் மடிப்பில் கிழிந்தது, டேப் ஒட்டினார்கள், டேப்பும் மஞ்சளாகிப் போனது. மற்ற எழுத்தெல்லாம் மங்கினாலும் அந்த 'நன்று' மட்டும் கன்னங்கரேலென்று விழும். "திமிரைப் பாரேன் அதுக்கு" என்பார் தாத்தா.

அவர் பீரங்கியில் குண்டு போடுகிற ஆள். காதில் பஞ்சு அடைத்தால் கட்டளை கேட்காது. கட்டளை கேட்காவிட்டால் எல்லார் முன்னாலும் மானம் போகும். அதனால் அடைக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் காது போயே போய்விட்டது.

வருஷத்துக்கு ஒருமுறை மருத்துவச் சோதனை உண்டு. டாக்டர் முதுகுக்குப் பின்னால் நின்று எண்களை மெதுவாகச் சொல்வார், இவர்கள் திருப்பிச் சொல்ல வேண்டும். எதிரே வரிசையில் நிற்கிற கூட்டாளி விரலை விரித்துக் காட்டுவான். அந்தப் பீரங்கிக் கூட்டத்தில் ஒருத்தருக்கொருத்தர் இப்படித்தான் கைகொடுத்துக்கொண்டார்கள். தேறாதவனைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள், உட்கார்ந்து கம்பளி எண்ண வேண்டியதுதான். அதைவிட அவமானம் அவர்களுக்குக் கிடையாது.

கடைசி நாள் சோதனையில் யாரையும் ஏமாற்ற வேண்டிய தேவையே இல்லை. மறுநாள் ஊருக்குப் போகிறவர். ஆனாலும் பழக்கதோஷம், கூட்டாளி விரல் காட்டினான், இவரும் சொல்லித் தொலைத்தார். எல்லாம் சரி. நன்று.

அந்த நன்று அவரோடு நிற்கவில்லை. அவருடைய சின்ன மகளான சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்கள் மாமாவிடம், "உங்க அப்பாவுக்குப் பிறவியிலேயே இப்படியா? பரம்பரையா வருமோ?" என்று இழுத்தார்கள். பீரங்கிச் சத்தத்தால் வந்தது என்றார் தாத்தா. தாள் இருக்கிறதா என்றார்கள். வெகுளி மனுஷன், பெட்டியைத் திறந்து எடுத்து நீட்டினார். படித்துப் பார்த்தவர்கள், இந்த ஆள் பொய்யும் சொல்கிறானே என்ற முகத்தோடு எழுந்து போனார்கள். அடுத்து வந்த இரண்டு இடமும் அப்படியே தட்டிப்போயிற்று. சித்திக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது. வாசல் அறையில் உட்கார்ந்து பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். அதைப் பற்றி அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தட்டை வைத்து, அவர் முகத்துக்கு நேராக நின்று, வாயை நன்றாகத் திறந்து, "சாப்பிடுங்கப்பா" என்பாள்.

'பணியின்போது செவித்திறன் இழந்தார்.' தாத்தா கேட்டது இந்த ஒரு வரியைத்தான். 'ஆவணத்தின்படி தங்கள் செவித்திறன் நன்று' என்றே ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. நேற்றுக் காலை அவர் போய்ச் சேர்ந்தார்.

இன்றைக்கு மயானத்துக்கு ஒரு லாரி வந்து நிற்கிறது. ஆறு சிப்பாய்கள், ஆறு துப்பாக்கிகள், ஒரு அதிகாரி. உயிரோடு இருந்தவரை ஒரு வரி எழுத வக்கில்லாதவர்கள், வெடி போட்டு வழியனுப்ப வந்துவிட்டார்கள்.

அதிகாரி பேத்தியிடம் இறுதி மரியாதைக்கான சம்மதப் படிவத்தை நீட்டினார். "குடும்பத்துல ஒருத்தர் கையெழுத்துப் போடணும்மா."

"போடறேன். அதுக்கு முன்னாடி இதுல ஒரு வரி எழுதுங்க. பீரங்கியாலதான் அவருக்குக் காது போச்சுன்னு."

அதிகாரி நல்ல மனுஷன்தான். தலையைக் குனிந்துகொண்டு, "அந்த ஃபைலை மூடியாச்சும்மா. என் கையில எதுவும் இல்ல" என்றார்.

மாமா அவள் தோளைத் தொட்டார். "ஊரே பார்க்குது. மரியாதை செய்ய வந்திருக்காங்க. பிடிவாதம் பிடிக்காத."

"பிடிவாதமா? இந்த வெடிச் சத்தம்தானே மாமா அவர் காதைத் தின்னுச்சு?"

சித்திதான் பேனாவை எடுத்து அவள் கையில் வைத்தாள். "போட்டுடு. சுட்டா சுடட்டும். அவருக்கா கேக்கப் போகுது?"

கையெழுத்துப் போட்டாள்.

அதிகாரி சிப்பாய்களுக்குப் பின்னால் நின்று கட்டளை கொடுத்தார். ஐந்து துப்பாக்கிகள் ஒன்றாக உயர்ந்தன. இடது கோடியில் நின்றவனுடையது மட்டும் ஒரு கண் இமைப்பு தாமதம். மூன்று முறையும் அப்படியே. அவன் பார்வை பக்கத்து ஆளின் முழங்கையிலேயே இருந்தது. அந்தப் பார்வை அவளுக்குத் தெரியாதா என்ன? பஸ் வரிசையிலும் ஆபீஸ் வரிசையிலும் தாத்தா அப்படித்தான் நிற்பார், முன்னால் இருப்பவர் அசைகிறாரா என்று பார்த்தபடி.

எல்லாம் முடிந்து லாரியில் ஏறப் போகும்போது அவனுக்குப் பின்னால் போய், "தம்பி" என்றாள். திரும்பவில்லை. சற்று உரக்கக் கூப்பிட்டாள். பக்கத்தில் நின்றவன் முழங்கையால் இடித்தான். திரும்பியவனின் கண் நேராக அவள் வாய்க்கு வந்தது.

கைப்பையிலிருந்து நகலை எடுத்துப் பதினோராவது வரியில் விரலை வைத்தாள். "எங்க தாத்தாவோடது. வாழ்நாள் முழுக்க இதைக் கட்டிக்கிட்டு அழுதாரு. உன் டாக்டர்கிட்ட இன்னிக்கே உண்மையைச் சொல்லிடு தம்பி."

படித்தான். அதிகாரி எங்கே நிற்கிறார் என்று ஒரு பார்வை பார்த்தான். தாளை மடிப்பு மாறாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தான்.

"எனக்கு நல்லா கேக்குதுங்க" என்று சொல்லிவிட்டு லாரியில் ஏறிக்கொண்டான்.

திரும்பி வந்தவளிடம் சித்தி, "யாருகிட்ட என்ன பேசிட்டு வர்ற?" என்றாள்.

"அந்தச் சிப்பாய்க்கும் காது கேக்கல சித்தி. நல்லா கேக்குதுன்னு சாதிக்கிறான்."

சித்தி லாரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அது கேட்டைத் தாண்டித் திரும்புகிறவரை பார்த்தாள்.

"அவனுக்குப் பொண்ணு இருக்கான்னு கேட்டியா?" என்றாள்.