விடிகாலை ஜெபமும் கொளவாய் ஏரியும்

தினமும் ஐந்து மணிக்கு நான் சபைக்கு ஜெபம் பண்ணப் போகிறேன் என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் போனது கொளவாய் ஏரிக்கு.

பொய்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் முதல் மூன்று நாள் உண்மையாகவே சபைக்குத்தான் போனேன். நாலாம் நாள் பாஸ்டர் கேட்டைத் திறக்கத் தாமதமானது. நின்றால் கொசு பிய்த்துத் தின்றுவிடும் என்று கால் போன போக்கில் நடந்தேன். ஏரிக்கரை வந்துவிட்டது, உட்கார்ந்தேன். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து சபைப் பக்கம் கால் திரும்பவேயில்லை.

அங்கே என்ன செய்வாய் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்க்கரையில் மலை வெறும் கறுப்பாக இருக்கும். வெளுக்க வெளுக்க அதில் மரம், பாறை என்று பிரிந்து தெரியும். நீர்க்காகம் ஒன்று முங்கி எங்கேயோ தள்ளி எழும். யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். பொத்தேரியில் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் மெஸ்ஸில் எனக்கு வேலை. முந்நூறு தட்டு, முந்நூறு வாய், பிரிசில்லாக்கா சாம்பார், பிரிசில்லாக்கா சட்னி. வீட்டுக்கு வந்தால் ஒரே ஹால், அதற்குள் டிவி, வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். பாத்ரூமில்கூட சேர்ந்தாற்போல ஐந்து நிமிஷம் விடமாட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் மட்டும் இல்லையென்றால் யார் மேலாவது கரண்டியை வீசியிருப்பேன்.

அதற்குத்தான் போன சனிக்கிழமை வேட்டு வைத்தார் என் வீட்டுக்காரர் கிருபாகரன். தெருவில் நாய்த் தொல்லை அதிகமாகிவிட்டது, இருட்டில் தனியாகப் போகவேண்டாம், திங்கட்கிழமையிலிருந்து வீட்டிலேயே ஜெபம் பண்ணு என்றார். அக்கறையாகச் சொன்னார், அதுதான் பேஜார். வம்புக்குச் சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். எதைச் சொல்லி அடம்பிடிப்பேன்? வாயைத் திறந்தால் பொய்க்கு மேல் பொய். சாயங்காலம் மாவு அரைக்கும்போது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த அத்தை நிமிர்ந்து பார்த்தார்.

ஞாயிறு ஆராதனையில் சாட்சி சொல்லும் நேரம் ஒன்று உண்டு. கர்த்தர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சபைக்கு முன்னால் சொல்லலாம். அத்தைக்குப் பெயர் பாப்பா. இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட அதற்கு எழுந்ததில்லை. அன்றைக்குப் பார்த்து நேராகப் போய் மைக்கை வாங்கினார்.

"மூணு வருஷமா எனக்கு முட்டி வலி. எம்மருமவ டெய்லி விடிகாலைல இங்க வந்து ஜெபம் பண்றா. இப்ப வலி பூட்ச்சு. அந்த ஜெபத்த யாரும் நிறுத்தக் கூடாது."

சபை முழுக்க அல்லேலூயா. விடிகாலை ஜெபத்துக்கு வருவதே பாஸ்டரையும் சேர்த்து ஆறு பேர். அந்த ஆறு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ்டர் ஆபிரகாம் என்னைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார், பிறகு கையிலிருந்த பைபிளைப் பார்த்தார். போச்சு, இன்றோடு மானம் கப்பலேறியது என்று நினைத்தேன். அவரோ ஆமென் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.

ஆராதனை முடிந்ததும் ஆளாளுக்குக் கிருபாகரனின் கையைப் பிடித்துக் குலுக்கி, கொடுத்துவைத்தவர் என்றார்கள். அவரும் பெருமையாகத் தலையை ஆட்டினார். நாய்ப் பேச்சையே காணோம். நல்லதாக ஒரு டார்ச் வாங்கித் தருகிறேன், ஜெபத்தை விட்டுவிடாதே என்றார். பாஸ்டர் மட்டும் வாசலில் குரலைத் தாழ்த்தி, "ஒரு நாளாவது இங்கயும் வாங்க சிஸ்டர்" என்றார். நான் தலையை நிமிர்த்தாமலே சரி பாஸ்டர் என்றேன்.

பிள்ளைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்காரர் முன்னால் போய்விட்டார். அத்தையும் நானும் நடந்தோம். இதற்குமேல் தாங்காது என்று, நான் ஜெபத்துக்கே போவதில்லை அத்தை என்று சொல்லிவிட்டேன்.

"தெரியும். ஏரிக்கரைல குந்திகினு கீற."

ஒரு நாள் தூறல் போட்டபோது எனக்குக் குடை எடுத்துக்கொண்டு சபைக்கு வந்தாராம். நான் அங்கே இல்லை. பால்காரர்தான் ஏரிப் பக்கம் கைகாட்டினாராம். நான் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போய்விட்டாராம். ஏன் கூப்பிடவில்லை என்று கேட்டேன். அத்தை நடப்பதை நிறுத்தினார்.

"எதுக்குக் கூப்புடணும்? நீ போய்ட்டா, அதுங்க எழுந்துக்கற வரிக்கும் அடுப்பாண்ட நான் ஒண்டியாதான் கீறேன். ஒரு டீ போட்டுகினு சும்மா குந்தியிருப்பேன். கல்யாணம் ஆன நாள்லேர்ந்து எனக்கு அந்த மாதிரி ஒரு மணி நேரம் கெடச்சதே இல்ல. நீ வூட்டோட குந்திகினா நான் எங்க போறது?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. மூட்டையை இறக்கி வைத்தாற்போல உடம்பே லேசாகிவிட்டது. அப்படியானால் முட்டி வலி போய்விட்டது என்று சபையில் சொன்னீர்களே என்றேன்.

"எங்க போச்சு? அப்டியேதான் கீது. அத கர்த்தர்கிட்ட நான் பேசிக்கறேன்."

என் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்க ஆரம்பித்தார். தெருமுனை வந்ததும் என் பக்கம் திரும்பினார்.

"நாளிக்கி கொஞ்சம் லேட்டாவே வா."