நார்மல் ரத்தம்

எங்கள் லேப்பில் புது டெஸ்ட் கிட் பெட்டி வந்தால் நேராக நோயாளியின் ரத்தத்தைப் போட மாட்டோம். நோய் இல்லாத ஒருவரின் ரத்தத்தை முதலில் போட்டு, கிட் ஒழுங்காகக் காட்டுகிறதா என்று பார்ப்போம். அதற்கு எங்கே ஆள் தேடுவது? வீட்டு ஆட்கள்தான். இது சரியான முறை இல்லை என்று எங்களுக்கும் தெரியும். இருந்தாலும் லேப்பை நடத்தும் டாக்டரம்மாவின் நாத்தனார், கூட வேலை பார்க்கும் பெண்ணின் தம்பி என்று எல்லார் கையிலும் எங்கள் ஊசி ஏறியிருக்கிறது. என் வீட்டுக்காரர் மட்டும்தான் கடை வேலையைச் சாக்காகச் சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தார்.

அந்த வியாழக்கிழமை அவரிடம் சாக்கு எதுவும் இல்லை. கடைக்குப் போவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகியிருந்தது.

குழாயும் ஷவரும் விற்கும் கடையில் அவர் சேல்ஸ்மேன். வழி கேட்டு உள்ளே வந்தவரிடம் ஒரு வாஷ்பேசினைக் கொடுத்து அனுப்பிவிடுகிற வாய். மூன்று வருடங்களில் அந்த வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டது. குளித்துவிட்டு வந்தாலே களைத்துப் போவார். பேப்பரில் கடைசி வரிக்கு வருவதற்குள் முதல் வரி மறந்துவிட்டது என்பார். என்ன ஆச்சு என்று கேட்டால் ஒன்றுமில்லை என்பார்.

நான் பொறுமைக்குப் பேர்போனவள் இல்லை. சோம்பேறி என்றேன். நடிப்பு என்றேன். "உங்களுக்கு இந்த சோபாவே தேவலைங்க, அதையாவது தட்டினா தூசி வரும்" என்றுகூடச் சொன்னேன். சொல்லிவிட்டு என் நகைச்சுவையை நானே மெச்சிக்கொண்டேன், அது இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

அதே வாரம் செவ்வாய்க்கிழமை முடிவாகச் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வீட்டுக்குப் போறேன். திரும்பி வரமாட்டேன்."

"சரி" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

போகாதே என்று கெஞ்ச வேண்டாம். போய்த் தொலை என்று கத்தியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். அன்றே துணிகளை எடுத்துப் பெட்டியில் அடுக்கினேன்.

போகிற நேரத்திலும் வேலை வேலைதானே. வியாழன் காலை லேப்புக்குக் கிளம்பும்போது, "கையை நீட்டுங்க" என்றேன். எதற்கு என்றுகூடக் கேட்காமல் நீட்டினார்.

அது கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி கிருமிக்கான கிட். ஒரு கோடு வந்தால் இல்லை, இரண்டு வந்தால் சந்தேகம். அவர் ரத்தத்துக்கு இரண்டு கோடு வந்தது. எனக்கு வந்த கோபத்தில் பெட்டி மேல் சிவப்புப் பேனாவால் பெரிதாகப் பெருக்கல் குறி போட்டு, சப்ளை செய்தவனுக்கு போன் பண்ணினேன்.

"என்னப்பா கிட் அனுப்பறீங்க? நல்லா இருக்கற மனுஷனுக்கு ரெண்டு கோடு காட்டுது!"

"வேற யார் ரத்தமாவது போட்டுப் பாத்தீங்களா மேடம்?"

"எதுக்குப் பாக்கணும்? அது என் வீட்டுக்காரர் ரத்தம். எனக்குத் தெரியாதா?"

போனை வைத்துவிட்டு, அவன் வாயை அடைப்பதற்காகவே என் ரத்தத்தைப் போட்டேன். ஒரு கோடு. கூட வேலை பார்க்கும் பெண்ணுக்கு ஒரு கோடு. டாக்டரம்மாவுக்கும் ஒன்றுதான். மறுபடி அவருடையதைப் போட்டேன். இரண்டாவது கோடு ஏறி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கிட்டில் ஒரு கோளாறும் இல்லை. பதினெட்டு வருடமாக ஊரார் ரத்தம் எடுக்கிறவள், அதை எடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஓடினேன்.

"இது எப்பவோ கிருமி உள்ள வந்துச்சுன்னுதான் சொல்லும். இப்ப இருக்கான்னு வேற டெஸ்ட் பாக்கணும்" என்றார் டாக்டரம்மா. அந்த முடிவுக்குக் காத்திருந்ததில் ஞாயிற்றுக்கிழமை வந்ததும் போனதும் தெரியவில்லை. திங்கட்கிழமை முடிவு வந்தது. கிருமி லட்சக்கணக்கில் இருந்தது.

கல்லீரல் டாக்டர், சின்ன வயதில் ரத்தம் ஏற்றியதுண்டா என்று கேட்டார்.

"பத்து வயசுல லாரி மோதிடுச்சு. ரெண்டு பாட்டில் ஏத்தினாங்க."

"அப்ப இதைக் கண்டுபிடிக்க டெஸ்ட்டே கிடையாது. அதுல வந்திருக்கலாம்."

முப்பத்தைந்து வருடம்! எங்கள் கல்யாணப் போட்டோவில் அவர் வாயெல்லாம் பல்லாக நிற்கிறாரே, அப்போதும் அது உள்ளே இருந்திருக்கிறது.

அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "டாக்டர், என் மனசு இப்படி ஆனதுக்கும் இதுதான் காரணமா?"

"இந்தக் கிருமி உள்ளவங்கள்ல நிறைய பேருக்கு மனச்சோர்வு இருக்கு. அசதி, மறதி, எதுலயும் பிடிப்பு இல்லாம போறது. உங்களுக்கு முழுக்க இதனாலதான்னு அடிச்சுச் சொல்லமாட்டேன். மனநல டாக்டரையும் பாருங்க. ஆனா ஒண்ணு, இது உங்க சோம்பேறித்தனம் இல்ல."

நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

வீடு வரும்வரை அந்தக் கிருமியையே நினைத்துக்கொண்டு வந்தேன். குடியிருப்பது கல்லீரலில். என் மைக்ராஸ்கோப்பில்கூடத் தெரியாத அளவு. அது ஒரு மனிதனின் சிரிப்பு வரைக்குமா கை நீட்டும்? ரத்தம் என்றால் எனக்கு எண்கள், லேபிள், ரிப்போர்ட். மறுநாள் ஸ்டாண்டில் வரிசையாக நின்ற ட்யூப்களைத் தொடவே பயமாக இருந்தது. அதில் யாருடைய துக்கம், யாருடைய உற்சாகம் கலந்திருக்கிறதோ! உடம்பு வேறு, மனசு வேறு என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

தினமும் மாத்திரை, பன்னிரண்டு வாரம். மனநல டாக்டரிடமும் போனோம். நாலாவது வாரம் ரத்தத்தில் கிருமி தென்படவில்லை. மருந்து முடிந்து மூன்று மாதம் கழித்துப் பார்த்தால்தான் நிச்சயம் என்றார்கள். அவர் அப்போதும் ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருந்தார்.

ஒன்பதாவது வாரம், சனிக்கிழமை காலை. நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏய், இங்க வா!"

திடுக்கிட்டுத் திரும்பினேன். எழுந்து நின்றிருந்தார். முகம் சிவந்திருந்தது.

"மூணு வருஷமா என்னை சோம்பேறி சோம்பேறின்னியே! ஊர்ல உள்ளவன் ரத்தத்தையெல்லாம் பாக்கறவ, ஒரு தடவை என் ரத்தத்தைப் பாக்கணும்னு தோணலையா உனக்கு?"

"தோணலைங்க."

"எப்படித் தோணாமப் போகும்? இதுல விட்டுட்டுப் போறேன்னு வேற சொன்னே! நான் செத்தா திரும்பி வரலாம்னு இருந்தியா?"

அத்தனையும் நியாயம். பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கும் சத்தம் கேட்டது. ஒரு சொல் சொன்னால் ஒன்பது சொல்லும் நான், கையில் மடித்த துணியோடு அசையாமல் நின்றேன். 'சரி' என்று சொன்ன அந்த மனிதர் எங்கே போனார்? இத்தனை கோபமும் இவ்வளவு நாள் எங்கே இருந்தது? எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது.

"இன்னும் திட்டுங்க" என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது, வாய் என்னவோ சிரிக்கிறது.

"நான் வயித்தெரிச்சல்ல கத்தறேன், உனக்குச் சிரிப்பா இருக்கா?" என்று குரலை இன்னும் ஏற்றினார்.

கால் மணி நேரம் திட்டினார். பதினாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.